மேற்குக் கடவு

ஜூன் 4, ஞாயிறு

லாரிக்காரன் சாமான்களை இறக்கிவிட்டுப் போய்விட்டான். போகும்போது, "சார், இங்க டீக்கடை எங்க இருக்கு?" என்று கேட்டான். "வெள்ளகோவில்ல" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

ஆக, பெரம்பூர் பரந்தாமன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற லிப்ட் மெக்கானிக், இன்று முதல் விவசாயி. நான்கு ஏக்கர் கொறங்காடு. அதாவது உழவும் கிடையாது, பயிரும் கிடையாது. மழைக்குப் புல் முளைக்கும், ஆடு மேயும். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே ஒரு ஓட்டு வீடு, ஒரு போர்வெல், ஒரு தண்ணீர்த் தொட்டி. அடுத்த வீடு மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்று தரகர் சொல்லியிருந்தார். அவர் எவ்வளவு சத்தமாகக் கூப்பிடுவார் என்று தெரியவில்லை.

வத்சலா அடுத்த மாதம் வருகிறாள். பேரனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அவன் அழாமல் போக ஆரம்பித்ததும் கிளம்பிவிடுவாள். தேக்குக் கட்டிலை அவளுக்காக ஜன்னல் ஓரம் போட்டேன். எனக்குக் கயிற்றுக் கட்டில்.

ஜூன் 5, திங்கள்

செல்போன் சிக்னல் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் கிடைக்கிறது. காலமெல்லாம் ஊரையே மேலே ஏற்றிவிட்டவன், பெண்டாட்டியோடு பேச ஏணி ஏறுகிறேன்.

ஜூன் 9, வெள்ளி

முதல் விருந்தாளி. ஆடு கட்டும் பட்டிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "ஏனுங்க!" என்று குரல். தூக்கிவாரிப் போட்டது. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மாள், கையில் பால் தூக்கு. முன்கேட் பூட்டியிருக்கிறதே, எப்படி வந்தார்?

மேற்கு வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். அதற்குக் கடவு என்று பெயராம். அந்த வழியாக வந்தால் நாலு எட்டு. முன்பக்கமாக வந்தால் இட்டேரி முழுக்கச் சுற்ற வேண்டும். இட்டேரி என்பது இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப் பாதை. அது எங்கெங்கோ வளைந்துதான் தார் ரோட்டைச் சேர்கிறது.

பெயர் தெய்வாத்தாள். கணவர் பொங்கியண்ணன். மாடு நான்கு.

"தனியாவுங்களா இருக்கறீங்க?"

"வீட்டம்மா அடுத்த மாசம் வர்றாங்கம்மா."

"அப்பப் பாலு ஊத்தட்டுங்களா?"

"ஊத்துங்க. ரெண்டு பேருக்கே ஊத்துங்க. அவங்க எந்த நாள்ல வேணா வந்து இறங்கிடுவாங்க."

ஒரு லிட்டர் ஊற்றிவிட்டுப் போனார். பாதி தயிராகிவிடும். ஆகட்டும்.

ஜூன் 18, ஞாயிறு

ஆடு வந்துவிட்டது. பொங்கியண்ணன் கூடவே வந்து பார்த்து வாங்கிக் கொடுத்தார். ஆறு குரும்பாடு, நம் பாஷையில் செம்மறி. ஒன்று சினை. எனக்கு எல்லாம் ஒரே முகமாகத் தெரிகிறது. அவற்றுக்கும் என்னைப் பற்றி அப்படித்தான் இருக்கும்.

தொட்டி மேல் ஏறி வத்சலாவிடம் சொன்னேன்.

"பேரு வெச்சீங்களா?" என்றாள்.

"நீ வந்து வைப்பேன்னு விட்டு வெச்சிருக்கேன்."

"எனக்கெதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க."

எப்போது வருகிறாய் என்றேன். பாக்கலாம் என்றாள்.

ஜூலை 2, ஞாயிறு

வெஸ்டர்ன் டாய்லெட் வேலை முடிந்தது. வத்சலாவுக்கு முட்டி மடங்காது. ஜன்னல்களுக்கு வலை அடித்தேன், பல்லி என்றால் அலறுவாள். சமையல் மேடையை அவள் உயரத்துக்கு ஏற்றபடி ஒரு செங்கல் குறைத்துக் கட்டச் சொன்னேன். மேஸ்திரி சிரித்தான். நான் பாத்திரம் தேய்க்கும்போது இடுப்பு பிடிக்கிறது என்பது உண்மைதான்.

மகள் பவித்ரா போனில், "அப்பா, அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றாள். எதைக் கேட்க? கல்யாணமான நாளிலிருந்து, ரிட்டையர் ஆனதும் காடு வாங்கிப் போய்விடுவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவள் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை.

பேரன் இப்போதும் அழுதுகொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறானாம்.

ஜூலை 8, சனி

தெய்வாத்தாள் காலையில் பால் கொண்டுவந்தபோது கூட இரண்டு பெண்கள். வீட்டுக்கு வந்த ஓரம்பரை, அதாவது உறவுக்காரர்கள். என் வீட்டைச் சுற்றிக் காட்டினார், ஏதோ பொருட்காட்சி மாதிரி. வலை போட்ட ஜன்னல், டாய்லெட், தேக்குக் கட்டில். கட்டில்மேல் விரிப்புகூடக் கசங்காமல் இருந்தது.

"இதெல்லாம் ஊட்டுக்காரம்மாளுக்குங்களா?" என்றாள் ஒருத்தி.

"ஆமாம்."

"அம்மா எப்பங்க வர்றாங்க?" என்று தெய்வாத்தாள் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், மெதுவாக, "வருவாங்களுங்களா?" என்றார்.

"அது உங்களுக்கு எதுக்கும்மா?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. பாலை ஊற்றிவிட்டு மூன்று பேரும் கடவு வழியாகப் போனார்கள். நான் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. கேள்வியில் ஒரு மரியாதை வேண்டும்.

ஜூலை 9, ஞாயிறு

மேற்குக் கடவை அடைத்துவிட்டேன். நாய்த் தொல்லை. சுற்றுவட்டாரத்தில் தெருநாய்கள் கூட்டமாக வந்து பட்டியில் இருக்கும் ஆட்டையெல்லாம் கடித்துக் குதறுகின்றன என்று மருந்துக் கடையில் பேசிக்கொண்டார்கள். ஆள் நுழையும் ஓட்டையில் நாய் நுழையாதா? கதவு சரியாக மூடாமல் லிப்டை ஓர் அங்குலம் நகரவிடக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம்.

இரண்டு கல்தூண் நட்டு, முள்கம்பி இழுத்து, போல்ட் வைத்து விண்ணென்று முறுக்கினேன். அதற்கு மேல் வேலமுள் வெட்டிக் கட்டாகப் போட்டேன். இட்டேரியில் போகும்போது ஒரு கடவில் அப்படி முள் போட்டு அழகாக அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பழக்கத்தை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? அதற்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

நேற்று நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூலை 11, செவ்வாய்

இன்றும் பால் வரவில்லை. முன்கேட் வழியாக வரலாமே, யார் வேண்டாம் என்றது? பால் பவுடர்.

ஜூலை 19, புதன்

ஆடிக் காற்று என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இன்றுதான் அனுபவம். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து நேராக என் வீட்டுக்குத்தான் வருகிறது போலிருக்கிறது. ஓடு தடதடக்கிறது, காயப்போட்ட வேட்டி வேலியில் மாட்டிக் கிழிந்தது, சோற்றில் மண். ராப்பகல் ஓயாத சத்தம். ஆனால் மனுஷக் குரல் ஒன்றுகூட இல்லை.

பஸ் நிறுத்தத்தில் பொங்கியண்ணனைப் பார்த்தேன். "என்ன, சௌக்கியமா?" என்றேன். "இருக்கறமுங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பஸ் வராத திசையில் திரும்பி நின்றார். கூட இருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆடு வாங்க என்னோடு வெயிலில் அலைந்த மனுஷர்! பட்டணத்தான் என்றால் கொஞ்ச நாள் வேடிக்கை, அப்புறம் இளக்காரம். இவ்வளவுதான் இவர்கள்.

வத்சலாவிடம் பேசினேன். ஆடி மாதத்தில் புது வீட்டுக்குக் குடி வரக் கூடாதாம். நியாயம்தான். ஆவணி பிறக்கட்டும்.

ஜூலை 27, வியாழன்

மூன்றாம் நாளாகக் காய்ச்சல். கஞ்சி வைக்க எழுந்தால் தலை சுற்றுகிறது. ஆட்டுக்குத் தண்ணீர் மட்டும் எப்படியோ காட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்கிறேன்.

காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "ஏனுங்க! ஏனுங்கண்ணா!" என்று தெய்வாத்தாள் குரல். எழுந்திருக்கத் தெம்பில்லை. வலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடைத்த கடவுக்கு அந்தப் பக்கம் நின்று என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலமும் வந்து நின்றார். அப்படி என்ன வேவு பார்க்க வேண்டியிருக்கிறது? வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தேன். ஓட்டுக்கு மேல் புகை எழும்பியதும் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

நேற்றும் அதற்கு முன்தினமும்கூட அந்த நேரத்துக்கு நின்றார். உள்ளே வந்து ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்க மனம் வரவில்லை, நின்று பார்க்க மட்டும் கால் வலிக்காது.

வத்சலாவிடம் காய்ச்சலைப் பற்றிச் சொல்லவில்லை. தொட்டி ஏற முடியவில்லை என்பது ஒரு காரணம்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. இங்கே அதை நோம்பி என்கிறார்கள். பெண்கள் கூட்டமாக, ஒரு தோட்டம் விடாமல் போய்க் குங்குமம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். புளியமரத்தில் தூரி, அதாவது ஊஞ்சல் கட்டியிருக்கிறார்களாம். காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கேட்டைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இட்டேரியில் வளையல் சத்தம் கேட்டது. கிட்டே வந்தது. என் கேட்டைத் தாண்டிப் போயிற்று. தெய்வாத்தாள் மட்டும் ஒரு நிமிஷம் நின்றார் போலிருந்தது. மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

வலித்தது. வேறு எப்படி எழுதுவது?

வேட்டியை மடித்து வைத்துவிட்டு ஆட்டுப் பட்டியைக் கூட்டினேன். இன்று யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டைத் திட்டியதைச் சேர்த்தால் பேசினேன்.

ஆகஸ்ட் 12, சனி

வருகிறாள்! ஆவணி பிறந்ததும், இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஈரோடு வரை ரயில், அங்கிருந்து டாக்சி. பவித்ராதான் டிக்கெட் எடுத்திருக்கிறாள். "அம்மா ஒரு தடவை வந்து பாக்கட்டும்ப்பா" என்றாள். ஒரு தடவை என்ன, வந்து இறங்கினால் அவளே போக மாட்டாள். மழை ஒன்று பெய்து கொழுக்கட்டைப் புல் பச்சைப் பசேலென்று தலை நீட்டியிருக்கிறது. பார்த்தால் சொக்கிப்போவாள்.

தேக்குக் கட்டிலின் விரிப்பை உதறினேன். ஒரே மண். துவைத்துப் போட்டேன்.

இந்த ஊர் ஜனங்கள் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன? எங்களுக்கு நாங்கள் போதும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கை எரிகிறது. எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஆடுகளைப் புல்லுக்கு விட்டுவிட்டு, டாக்சி நேராக வாசல் வரை வரட்டும் என்று முன்கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் கல் வைத்தேன். டாக்சிக்காரனுக்கு இட்டேரி வழி தெரியாது, கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று தார் ரோட்டுக்கு நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். வெள்ளைக் கார் வரும்போதெல்லாம் கையைத் தூக்கினேன். ஒன்று நின்றது, காங்கேயத்துக்கு வழி கேட்டார்கள்.

வெயில் ஏறிய பிறகுதான், அந்த இடத்தில் சிக்னல் உண்டே என்று தோன்றிப் போனை எடுத்துப் பார்த்தேன். வத்சலாவின் செய்தி முந்தின ராத்திரியே வந்து கிடந்தது. "பேரனுக்கு ஜுரம். இந்தத் தடவை வர முடியல. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

திரும்பி நடந்தேன். பாதி இட்டேரியிலேயே கூச்சல் கேட்டது. "போ! ச்சூ! எடுபட்ட நாய்ங்களா, போ!" தெய்வாத்தாள் குரல். ஓடினேன். எனக்கு ஓடி எவ்வளவோ காலமாகிவிட்டது.

உள்ளே நாலைந்து நாய்கள். வடக்கு மூலையில் ஓர் ஆடு விழுந்து கிடந்தது. தொட்டி ஓரத்தில் இன்னொன்று, இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. மற்ற நான்கும் மேற்கு வேலியோரம், அடைத்த கடவுக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நின்றன. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தெய்வாத்தாள் தலைவிரி கோலமாகக் கல் மேல் கல்லாக வீசிக்கொண்டிருந்தார். அந்தக் கல்லுக்குப் பயந்துதான் நாய்கள் அந்த நான்கையும் நெருங்கவில்லை. நான் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே போனதும், வந்த வழியாகவே ஓடின. வந்த வழி முன்கேட். நான் கல் வைத்துத் திறந்த கேட்.

"ஏனுங்கண்ணா, எத்தன கூப்பாடு போட்டனுங்க! ஆருமில்லீங்க. அவரு சந்தைக்குப் போயிட்டாருங்க." தெய்வாத்தாளுக்கு மூச்சு வாங்கியது. "இட்டேரி சுத்தி வாரதுக்குள்ள அத்தனையும் கொன்னுபோடுமுங்க. ஆபத்துக்குப் பாவமில்லீன்னு முள்ள இழுத்துப் பாத்தனுங்க. அடியில கம்பி போட்டு முறுக்கி வெச்சிருக்கறீங்க."

அவர் முழங்கை வரை கீறல். ரத்தம் கோடு கோடாக வழிந்திருந்தது.

ஸ்பேனரை எடுத்துவந்து போல்ட்டைக் கழற்றினேன். கம்பி தொங்கிவிட்டது. முள்கட்டு மட்டும் குறுக்கே கிடந்தது. "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றேன். அவர் நகரவில்லை.

"முள்ள நீங்கதானுங்க எடுக்கோணும்."

"ஏன்?"

"போட்ட கைதான் எடுக்கோணும். அப்பத்தான் நாங்க காலு வெக்கலாம்." என்னை உற்றுப் பார்த்தார். "கடவுல முள்ளு வெச்சா, உங்க நல்லது கெட்டது எங்களுக்கு வேண்டாம், எங்களுது உங்களுக்கு வேண்டாம்னு அர்த்தமுங்க. மெய்யாலுமே தெரியாதுங்களா?"

"அங்க இட்டேரியில ஒரு கடவுல முள்ளு இருக்கே. அதைப் பாத்துத்தாம்மா போட்டேன்."

"அதுங்களா? அது அண்ணந் தம்பிங்க. அப்பன் செத்ததுலருந்து மூஞ்சியில முழிக்கறதில்லீங்க."

ஊரில் இத்தனை வேலி இருக்க, நான் பார்த்துக் கற்றுக்கொண்டது அந்த வேலியை. சிரிப்புகூட வரவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது காலையும் சாயங்காலமும் இந்த முள்ளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாரே, வீட்டில் புகை எழும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தானே போனார்? அதற்கு நான் இந்த நோட்டில் என்ன எழுதினேன்?

தெய்வாத்தாள் குரலைத் தாழ்த்தி, "நான் அன்னைக்குக் கேட்டது தப்புங்க" என்றார். "ஓரம்பரை முன்னால ஊட்டுக்காரம்மாளப் பத்தி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எங்க ஊட்டுக்காரரு என்னைய வஞ்சே போட்டாரு. அந்தக் கோவத்துலதான் முள்ளு வெச்சுட்டீங்கன்னு நாங்க..."

"இல்லம்மா. நாய்க்காகத்தான்" என்றேன்.

அவர் தொட்டி ஓரத்தில் கிடந்த ஆட்டைப் பார்த்தார். அது இப்போது உதைப்பதை நிறுத்தியிருந்தது. நானும் பார்த்தேன். அதற்கு மேல் அந்தப் பொய்யை என்னால் சொல்ல முடியவில்லை. குனிந்து முள்ளை எடுக்க ஆரம்பித்தேன். வேலமுள் இரண்டு விரல் நீளம் இருக்கும். ஒவ்வொரு கொப்பாக இழுத்து எறிந்தேன். கடைசிக் கொப்பு நகர்ந்ததும் தெய்வாத்தாள் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்து, முதலில் சினையாட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "இது பொளச்சுக்குமுங்க" என்றார். சாயங்காலம் பொங்கியண்ணன் மண்வெட்டியோடு அதே கடவில் வந்தார். இரண்டையும் புதைத்தோம்.  இந்த முறை அவர் என் முகத்தைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

தொட்டி மேல் ஏறினேன். பேரனுக்கு ஜுரம் விட்டுவிட்டதாம். ஆடு செத்ததைச் சொன்னேன். "அய்யய்யோ" என்றாள். நீ வந்திருந்தால் நான் ரோட்டில் நின்றிருக்க மாட்டேன் என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"வத்சு, உனக்கு இங்க வர இஷ்டமா?" என்றேன்.

 காற்றுச் சத்தம்தான். சிக்னல் போய்விட்டதோ என்று, "இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "இதை இப்பத்தான் கேக்கறீங்க" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"சொல்லு."

"இஷ்டம் இல்லைங்க. எப்பவுமே இருந்ததில்லை. நீங்க அவ்வளவு ஆசையா பேசுவீங்க, நடுவுல புகுந்து என்ன சொல்றது? காலைல கோயில், சாயங்காலம் மாடியில நாலு பேரு, இதுதான் எனக்குப் பழக்கம். அங்க எனக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேனே."

"இருக்கீங்க" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பொங்கலுக்கு வரேன். வந்து நாலு நாள் இருந்துட்டுப் போறேன். இல்ல, நீங்கதான் திரும்பி வந்துடுங்களேன்."

மேலிருந்து பார்த்தால் முழுக் காடும் தெரிகிறது. நான்கு ஆடுகளும் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. மேற்கு வேலியில் கடவு திறந்து கிடந்தது.

"பாக்கலாம்" என்றேன். இத்தனை நாளும் அவள் எனக்குச் சொல்லி வந்த பதில். அவள் அதை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று இப்போது தெரிந்தது.

கீழே இறங்க வெகுநேரமாயிற்று. அழுதேன். காற்றில் யாருக்கும் கேட்டிருக்காது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

தெய்வாத்தாள் பால் கொண்டுவந்தார், கடவு வழியாக. கையில் மஞ்சள் பற்று. நான் வழக்கமான பெரிய பாத்திரத்தை நீட்டினேன். எதுவும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்தவர் போலப் பாத்திரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வர மாட்டாங்கம்மா" என்றேன்.

இதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. 

தெய்வாத்தாள் தூக்கைக் கீழே வைத்தார்.   காற்றில் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, ஆடுகள் பக்கம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அப்ப இனி ஒருத்தருக்கு ஊத்துனாப் போதுமுங்களா?"

"போதும்" என்றேன்.

அரை லிட்டர் அளந்து ஊற்றினார். அந்தப் பெரிய பாத்திரத்தில் பால் அடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு ஆளுக்கு ஏற்ற சின்னப் பாத்திரம் என்னிடம் இல்லை. அடுத்த முறை வெள்ளகோவில் போகும்போது ஒன்று வாங்க வேண்டும்.